திரையில் கோடு விழுந்தால்: வைரஸா, வன்பொருளா?

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் காலை அவர்களது கணினித் திரையில் பச்சைக் கோடுகள் விழுந்து படம் நடுங்கத் தொடங்கியது. மொனிட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் பஸ்ஸில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் அதைத் தன்னுடைய மொனிட்டரில் பூட்டிப் பார்த்தார். படம் சுத்தமாக வந்தது. "இங்க சரியாத்தான் இருக்கு அக்கா. எதுக்கும் வைரஸா இருக்கும், போமட் பண்ணிருவோம்" என்றார். போமட் பண்ணியும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பூட்டினால் அதே பச்சைக் கோடுகள். மொனிட்டர் வயரின் முனையில் இரண்டு ஊசிகள் வளைந்திருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

கடையில் படம் சுத்தமாக வந்ததே, அதுதான் விடை. கணினி நல்லது, பழுது வீட்டில் விட்டுவந்த மொனிட்டரிலோ வயரிலோ இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. போமட்டோடு போனவற்றில் 83 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்குப் போய்க் குடியேறி, இறுதிப் போரில் காணாமல் போன மூத்த அண்ணனின் ஆவணங்களும் இருந்தன. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, முறைப்பாட்டுக் கடிதங்கள், பற்றுச்சீட்டுகள், நாலைந்து புகைப்படங்கள். சிலவற்றுக்கு மூலப் பிரதி எங்கும் இல்லை.

மலையகத்தில் காகிதத்தின் பெறுமதியை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன் பூட்டனிடம் கேட்டது காகிதத்தைத்தான். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வன்னிக்குப் போனவர்கள் ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒரு கட்டுக் காகிதத்தை இழந்தார்கள். இன்று அந்தக் காகிதங்களில் மிஞ்சியவை ஸ்கேன் செய்யப்பட்டு, பிள்ளை உயர்தரம் படிக்க வாங்கிய பழைய கணினியில் ஒரு போல்டருக்குள் கிடக்கின்றன. ஆகவே திரையில் கோடு விழுந்தால் 'எப்படித் திருத்துவது' என்பதற்கு முன் 'எங்கே பழுது' என்று பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

படம் திரைக்கு வரும் பாதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸும் அதில் ஓடும் மென்பொருள்களும் என்ன காட்ட வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. டிரைவர் எனப்படும் சிறு மென்பொருள் அதைக் கிராபிக்ஸ் சிப்புக்குப் புரியவைக்கிறது. சிப் படத்தை உருவாக்கி வயர் வழியாக அனுப்புகிறது. மொனிட்டர் அதை வெளிச்சமாக்குகிறது. வைரஸ் குடியிருப்பது இந்தப் பாதையின் தொடக்கத்தில், மென்பொருள் பக்கத்தில். வயருக்குள்ளோ மொனிட்டர் கண்ணாடிக்குள்ளோ அது போவதில்லை. பாதையில் எந்த இடத்தில் படம் கெடுகிறது என்று கண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மேசைக் கணினி என்றால் முதல் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். மொனிட்டரின் மின்சாரத்தை விட்டுவிட்டு, கணினிக்குப் போகும் பட வயரை மட்டும் கழற்றுங்கள். மொனிட்டர் 'சிக்னல் இல்லை' என்ற அறிவிப்பைத் தானாகவே காட்டும். அந்த அறிவிப்பிலும் கோடு விழுந்தால், அதுவும் நடுங்கினால், பழுது மொனிட்டரில்தான். கணினியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய் ஒரு நாள் பேரை இழக்கத் தேவையில்லை. அறிவிப்பு சுத்தமாகத் தெரிந்தால் வயரின் ஊசிகளைப் பாருங்கள். பழைய நீல நிற வீஜிஏ முனையில் ஊசி வளைந்தாலோ திருகாணி இறுகாமல் இருந்தாலோ ஒரு நிறம் காணாமல் போகும், அல்லது முழுப் படமும் மஞ்சளாகவோ ஊதாவாகவோ மாறும். அதைப் பார்த்து வைரஸ் என்று பயப்படுபவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மடிக்கணினிக்கு வீட்டு டிவியே போதும். எச்.டி.எம்.ஐ. வயரால் இரண்டையும் இணைத்து, விண்டோஸ் பொத்தானையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்தி, இரண்டு திரையிலும் காட்டும்படி தெரிவு செய்யுங்கள். டிவியில் படம் சுத்தம், மடிக்கணினியில் மட்டும் கோடு என்றால் அதன் திரையோ, மூடியின் மடிப்பு வழியாகப் போகும் மெல்லிய வயரோதான் பழுது. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கும்போது கோடு வந்து வந்து போனால் அந்த வயரில்தான் சந்தேகம். டிவியிலும் அதே கோடு என்றால் பழுது கணினிக்குள் இருக்கிறது. அது வன்பொருளாகவும் இருக்கலாம், மென்பொருளாகவும் இருக்கலாம்.

கணினிக்குள் என்று தெரிந்தபின் செய்ய வேண்டியது விண்டோஸ் எழும்புவதற்கு முன் பார்ப்பது. கணினியைப் போட்டதும் டெலிட் அல்லது எப்-2 பொத்தானை விடாமல் தட்டினால் (கணினிக்குக் கணினி பொத்தான் மாறும்) பயோஸ் எனும் அமைப்புப் பக்கம் வரும். அந்த நேரத்தில் விண்டோஸ் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. விண்டோஸுக்குள் இருக்கும் வைரஸும் ஓடவில்லை. அந்தப் பக்கத்திலேயே கோடு தெரிந்தால் வைரஸ் கதையை அங்கேயே விட்டுவிடலாம். ஒரு கால் மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள், சில பழுதுகள் சூடேறினால்தான் தலைகாட்டும். ஆனால் இந்தச் சோதனையை மறுபக்கமாகப் படிக்கக் கூடாது. பயோஸ் பக்கம் சுத்தமாக இருப்பதால் வன்பொருள் நல்லது என்று ஆகிவிடாது. அந்தப் பக்கத்தைக் காட்ட கிராபிக்ஸ் சிப்புக்குப் பெரிய வேலை இல்லை. வேலை கூடும்போதுதான் சில சிப்புகள் தள்ளாடும்.

இன்னொரு சோதனையை மிகச் சிலரே செய்கிறார்கள். கோடு தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அதை உங்கள் கைபேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். கைபேசியில் படம் சுத்தமாக இருந்தால் கணினி நல்ல படத்தைத்தான் தயாரித்திருக்கிறது, அது வெளியே வரும் வழியில்தான் கெட்டிருக்கிறது. அதாவது சிப்பின் வெளிவாசல், வயர், மொனிட்டர். கைபேசியிலும் கோடு தெரிந்தால் மென்பொருள், டிரைவர், அல்லது கிராபிக்ஸ் சிப்பின் நினைவகம். கிராபிக்ஸ் சிப் இரண்டு பக்கமும் பிடிபடக்கூடியது என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

விண்டோஸுக்குள் வந்தபின்பே திரை மினுக்குகிறது என்றால் மைக்ரோசொப்ட் சொல்லும் எளிய வழி ஒன்று உண்டு. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி 'டாஸ்க் மனேஜர்' பெட்டியைத் திறவுங்கள். எல்லாவற்றோடும் சேர்ந்து அந்தப் பெட்டியும் மினுக்கினால் டிரைவர்தான் காரணமாக இருக்கலாம். மற்றதெல்லாம் மினுக்க அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு மென்பொருள். டிரைவர் என்று பட்டால் விண்டோஸ் பொத்தான், கொன்ட்ரோல், ஷிப்ட், 'பி' நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் கறுத்து டிரைவர் புதிதாக எழும்பும். அடுத்தது 'சேஃப் மோட்'. ஷிப்டை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் வரும் பக்கங்களில் அதற்கான வழி இருக்கிறது. அங்கே டிரைவரும் பிற மென்பொருள்களும் இல்லாமல் விண்டோஸ் மட்டும் எழும்பும். அதில் சுத்தமாக இருந்து, வழமையான நிலையில் மட்டும் கெட்டால் மென்பொருள் பக்கம்தான் தேட வேண்டும். வைரஸைப் பற்றி யோசிக்க வேண்டியது இந்தக் கட்டத்தில்தான், அதற்கு முன் அல்ல.

திரையில் கோளாறு என்றதும் நமக்கு ஏன் வைரஸ் நினைவு வருகிறது? அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1980களின் இறுதியில் பரவிய கஸ்கேட் வைரஸ் திரையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கீழே உதிர்த்தது. அதே காலத்துப் பிங்-பொங் வைரஸ் ஒரு பந்தைத் திரை முழுக்கத் துள்ளவிட்டது. அன்றைக்கு வைரஸ் எழுதியவர்களில் பலருக்கு அது விளையாட்டு, தங்கள் வித்தையை மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். திரையையே இருட்டாக்கிய வைரஸும் இருந்தது. தாய்வானைச் சேர்ந்த சென் இங்-ஹாவ் எழுதிய சி.ஐ.எச். வைரஸ் 1999 ஏப்ரல் 26ஆம் திகதி ஆசியாவெங்கும் கணினிகளைத் தாக்கியது. ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தை அழித்ததோடு, சில வகை மதர்போர்ட்களின் பயோஸையும் அழித்தது. அவற்றைப் போட்டால் மின்விசிறி சுற்றும், திரையில் எதுவும் வராது. பார்ப்பவருக்கு அச்சாக வன்பொருள் பழுது! செர்னோபில் விபத்து நடந்த அதே திகதி என்பதால் அந்தப் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. அது விண்டோஸ் 95, 98 காலம். இன்றைய கணினிகளில் பயோஸுக்குப் பாதுகாப்பு அதிகம். வீட்டுக் கணினியில் அப்படி ஒன்று வருவது மிக அரிது.

இன்றைய வைரஸ் காசுக்காக வேலை செய்கிறது. வங்கிக் கடவுச்சொல்லைத் திருட வந்த ஒன்று திரையில் பச்சைக் கோடு போட்டு உங்களை எழுப்பிவிடாது. அது முகம் காட்டினால் ஏதோ கேட்பதற்காகத்தான் காட்டும். 2017 மே மாதம் உலகமெங்கும் பரவிய வொன்னகிரை அப்படித்தான், கோப்புகளைப் பூட்டிவிட்டு, காசு கேட்டுச் சிவப்புப் பெட்டி ஒன்றைத் திரையில் வைத்தது. ஆகவே திரையில் வருவது என்ன வகை என்று பாருங்கள். கோடு, புள்ளி, நிறமாற்றம், நடுக்கம், பாதித் திரை இருட்டு: இவை பெரும்பாலும் வன்பொருள், சில வேளை டிரைவர். "உங்கள் கணினி பாதிக்கப்பட்டுள்ளது, உடனே இந்த இலக்கத்தை அழையுங்கள்" என்பது போன்ற எழுத்து, தானாகத் திறக்கும் விளம்பரப் பக்கங்கள், பெயர் மாறிய கோப்புகள்: இவை மென்பொருள் மோசடி. வன்பொருளுக்கு எழுத்து வாசனை கிடையாது. அழைக்கச் சொல்லும் இலக்கத்துக்கு மட்டும் அழைக்கவே வேண்டாம், அது மோசடிக்காரனின் தொலைபேசி.

நீலத் திரை வந்தால்கூட வைரஸ் என்று முடிவு கட்ட முடியாது. 2024 ஜூலை 19இல் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. காரணம் வைரஸும் இல்லை, வன்பொருளும் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு.

தமிழருக்கென்றே ஒரு போலி வைரஸ் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். கோப்பு கெடவில்லை. பாமினியை நிறுவினால் தமிழ் திரும்பி வந்துவிடும். இதைப் 'வைரஸ் தின்ற கோப்பு' என்று அழித்தவர்களும் இருக்கிறார்கள். பென் டிரைவில் போல்டர்கள் எல்லாம் குறுக்குவழிக் குறிகளாக மாறுவது மட்டும் உண்மையான வைரஸ். போட்டோகொப்பிக் கடைகளில் ஒட்டிக்கொள்வது. அதிலும் பெரும்பாலும் கோப்புகள் மறைக்கப்பட்டிருக்குமே தவிர அழிந்திருக்காது. குறுக்குவழிகளைத் தட்டாமல், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி விண்டோஸில் தெரிவு செய்து, அவற்றை வேறிடத்தில் நகலெடுத்த பின்பே பென் டிரைவைச் சுத்தம் செய்யுங்கள்.

இனி வன்பொருள். இங்கேதான் மலையகத்துக்கும் கொழும்புக்கும் வித்தியாசம் வருகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும். காற்றிலுள்ள ஈரம் கணினிக்குள்ளும் போகிறது. லயத்துக் காம்பராவில் விறகடுப்பும் கணினியும் சில அடி தூரத்தில்தான். அடுப்புப் புகையின் கரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். 'றாம்' எனப்படும் நினைவகத் தகட்டின் பொன்னிறப் பற்களில் இந்தக் கரியும் ஈரமும் படிந்தால் தொடர்பு விட்டுப்போகும். மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை கறுப்பு, சில வேளை 'பீப்' சத்தம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை. மின்வயரைக் கழற்றி, போடும் பொத்தானைப் பதினைந்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, தகட்டைக் கழற்றுங்கள். பற்களைப் பாடசாலைப் பிள்ளையின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, 'கிளிக்' என்று விழும்வரை மீண்டும் அழுத்துங்கள். எனக்குத் தெரிந்து இந்த அழிறப்பர் வைத்தியத்தில் எழும்பிய கணினிகள் நிறைய.

குளிரும் ஒரு தடயம்தான். காலையில் போட்டால் மொனிட்டர் மினுக்கி மினுக்கி, பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். மொனிட்டரின் மின்பகுதியில் உள்ள கப்பசிற்றர்கள் வயதாகி உலர்ந்துவிட்டதன் அறிகுறி அது. அவை குளிரில் இன்னும் மோசமாக வேலை செய்யும், சூடேறினால் சமாளிக்கும். 2000களின் தொடக்கத்தில் உலகெங்கும் தரமற்ற கப்பசிற்றர்கள் லட்சக்கணக்கான மதர்போர்ட்களையும் மொனிட்டர்களையும் கெடுத்தன. பழைய இறக்குமதிக் கணினிகளைத் திறந்தால் தலை வீங்கிய கப்பசிற்றர்களை இன்றும் காணலாம். மாற்றும் செலவு குறைவு, ஆனால் மொனிட்டரை நீங்கள் திறக்க வேண்டாம். மின்சாரத்தைக் கழற்றிய பின்னும் உள்ளே ஆபத்தான மின்னேற்றம் நிற்கும். பழைய பெட்டி மொனிட்டரில் அது உயிரையே எடுக்கும். எதிர்மாறாக, போட்டவுடன் நன்றாக இருந்து அரை மணி நேரத்தில் கோடு விழத் தொடங்கினால் சூடுதான் காரணம். மின்விசிறியில் தூசியும் கரியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

குளிரிலிருந்து சூடான, ஈரமான அறைக்குக் கொண்டுவந்த கணினியின் உள்ளே பனித்துளி படியும். இஸ்தோப்பில் இருந்ததை அடுப்பெரியும் காம்பராவுக்குள் கொண்டுவந்தால் ஒரு மணி நேரமாவது கழித்துப் போடுங்கள். இரவில் பிளாஸ்டிக் உறையால் இறுக்கி மூடுவதைவிடத் துணியால் மூடுவது நல்லது. பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

மின்சாரத்தை எடுத்தால், நம் நாட்டில் 230 வோல்ட் என்பது பெயரளவில். தோட்டத்துக் கடைசிக் கம்பத்தில், ஒரே இணைப்பில் பல வீடுகள் தொங்கும் லயத்தில், மாலையில் எல்லா விளக்கும் எரியும்போது அது இறங்கும். பக்கத்துத் தொழிற்சாலையில் பெரிய மோட்டார்கள் ஓடத் தொடங்கும் கணத்திலும் ஒரு தாழ்வு வரும். திரை எந்த நேரத்தில் நடுங்குகிறது என்று இரண்டு நாள் ஒரு கொப்பியில் குறித்துப் பாருங்கள். மின்விளக்கும் அதே நேரத்தில் மங்கினால் கணினியில் பழுது தேட வேண்டாம். மின்சாரம் நின்று திரும்பி வரும் கணமும் ஆபத்தானது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். நின்றவுடன் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து சில நிமிடம் கழித்துப் போடுவது நல்லது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் அதிகம். அப்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும். டிவியோடு இணைத்த வயரையும் கழற்றுங்கள், டிஷ் வழியாகவும் மின்னல் வரும்.

இத்தனைக்கும் பிறகு கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் ஒன்றை மறக்க வேண்டாம். திரைப் பழுதால் கோப்புகள் அழிவதில்லை. திரை முற்றாக இருண்டாலும் ஹார்ட் டிஸ்க்கில் எல்லாம் அப்படியே இருக்கும். ஆகவே டிவியில் இணைத்தாவது முதலில் ஆவணங்களை வேறிடத்தில் நகலெடுங்கள். அதுவும் முடியாத மேசைக் கணினியா? ஹார்ட் டிஸ்க்கில் இருந்து இரண்டு வயரையும் திருகாணிகளையும் கழற்றி, டிஸ்க்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொண்டுபோங்கள். கோடு வன்பொருளால் வருகிறதா என்று பயோஸ் பக்கத்தில் பார்க்கக் கடைக்காரருக்கு உங்கள் டிஸ்க் தேவையே இல்லை. விண்டோஸ் வேண்டுமென்றால் அவர் தன் பென் டிரைவில் உள்ள லினக்ஸைக் கொண்டு சோதிக்கலாம். காணாமல் போனவரைப் பற்றிய முறைப்பாடு, சாட்சியம், குடும்பப் படங்கள் இருக்கும் டிஸ்க்கை அந்நியர் கையில் கொடுக்கத் தயங்குவதற்கு நம்மிடம் போதுமான காரணங்கள் உண்டு, அதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

புதிய மடிக்கணினி என்றால் ஒரு முன்னேற்பாடு வேண்டும். விண்டோஸ் 11 பல கணினிகளில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிட்டு வைக்கிறது. மதர்போர்ட்டை மாற்றினாலோ டிஸ்க்கை வேறு கணினியில் போட்டாலோ 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே அதைப் பார்த்து எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் பைக்குள் வையுங்கள்.

கடையில் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று விடயம் எழுதிக் கொடுங்கள். என்ன தெரிகிறது, எந்தச் சோதனையில் என்ன கண்டீர்கள், 'என்னிடம் கேட்காமல் போமட் செய்ய வேண்டாம்.' கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். மாற்றிய பாகம் எதுவானாலும் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். வைரஸ் என்று சொன்னால் எந்த வைரஸ், எந்த மென்பொருள் கண்டுபிடித்தது என்று கேளுங்கள், அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் வகை என்றால் இணையத்தைத் துண்டித்து, எதையும் அழிக்காமல் கணினியை அப்படியே வைத்துவிட்டு, இலங்கை கணினி அவசர தயார்நிலை அணியான சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைத்துக் கேளுங்கள். சில வகைப் பூட்டுகளுக்குச் சாவி இலவசமாகவே வெளியாகியிருக்கிறது. போமட் செய்த டிஸ்க்குக்கு அந்தச் சாவியால் பயனில்லை.